நகரசபை இல்லாத நகர மண்டபம்

சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங் என்றொரு வட்டாரம். 1960 வாக்கில் அங்கே இருந்தவை சதுப்புநிலமும் இறால் குட்டைகளும் சிறு குன்றுகளும்தான். அங்கே தொழிற்பேட்டை அமைக்கப்போவதாக நிதியமைச்சர் கோ கெங் சுவீ கிளம்பியபோது பலரும் சிரித்தார்கள். ‘கோவின் மடத்தனம்’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. மனிதர் அசையவில்லை. குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைச் சதுப்பில் கொட்டி மேடாக்கினார்கள். 1963-இல் தேசிய இரும்பு உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பிறகும் சில வருடங்களுக்கு மனைகள் பல காலியாகவே கிடந்தன.

1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. அந்த அக்டோபரிலேயே ஷென்டன் வே பகுதியில் புதிய கட்டடம் ஒன்று திறக்கப்பட்டது. சிங்கப்பூர் மாநாட்டு மண்டபமும் தொழிற்சங்க இல்லமும் ஒரே கூரையின் கீழ் அமைந்த கட்டடம் அது. தொழிற்சங்கங்களுக்குத் தலைமையகம் என்பது மக்கள் செயல் கட்சி முன்பே கொடுத்திருந்த வாக்கு. போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த வடிவமைப்பு. அதன் பின்னிருந்த முக்கியமான கை, பினாங்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் லிம் சோங் கீட்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷார் காலத்து அரசுக் கட்டடம் என்றால் உருண்ட தூண்கள், உயர்ந்த படிகள், வந்தவனை மிரட்டும் முகப்பு. இங்கே அவை எதுவும் இல்லை. வெளியே வெகுதூரம் நீண்ட கூரை வெயிலையும் மழையையும் தடுத்தது. உள்முற்றம் திறந்தே இருந்ததால் காற்று தானாக ஓடியது. சுவர்களில் மலாய் வீடுகளின் தாழம்பாய் நெசவுக் கோலம் மொசைக் கற்களில் வந்தது. மேற்கே படித்துவிட்டு வந்தவர், கான்கிரீட்டையும் கண்ணாடியையும் பூமத்தியரேகை வெயிலுக்குப் பழக்கினார் என்றே சொல்வேன். பின்னாளில் அந்தத் திறந்த முற்றத்தைக் கண்ணாடியால் மூடி ஏ.சி. போட்டார்கள். சீன இசைக்குழு குடிவந்தது. கச்சேரிக்கு அது தேவைதான். ஆனால் கட்டடத்தின் மூச்சு அதோடு போயிற்று.

பிறகு 1968. ராணுவத் தளங்களை 1971-க்குள் மூடப்போவதாக பிரிட்டன் அந்த ஜனவரியில் அறிவித்தது. தளங்களை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்துக்கொண்டிருந்தன. வெளிநாட்டு முதலீடு உடனே வேண்டும். அதே ஆண்டில் வந்த தொழிலாளர் சட்டங்கள், ஆளெடுப்பு, பணிநீக்கம், பதவி உயர்வு ஆகியவற்றைச் சங்கங்களின் பேரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. தொழிற்சங்கத்துக்கு மாளிகை திறந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை! ஜூன் 1 அன்று ஜூரோங் நகரக் கழகம் பிறந்தது. மனை கொடுப்பது, ஆலைக் கூடங்களை முன்கூட்டியே கட்டி வாடகைக்கு விடுவது, தொழிலாளர் குடியிருப்பு எழுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு.

அந்தக் கழகத்துக்குத் தலைமையகம் கட்ட மறுபடி ஒரு போட்டி. மறுபடி வென்றது லிம் சோங் கீட்டின் நிறுவனம்தான். அப்போது அதன் பெயர் ‘ஆர்கிடெக்ட்ஸ் டீம் 3’. 1974-இல் கட்டி முடித்து மறு வருடம் திறந்தார்கள். குன்றின் மேல் நங்கூரமிட்ட போர்க்கப்பல் போல நிற்கிறது ஜூரோங் நகர மண்டபம். மேல் தளம் கீழ்த் தளத்தைவிட வெளியே நீண்டிருப்பதால் தன் நிழலைத் தானே போட்டுக்கொள்கிறது. பக்கத்தில் மணிக்கூண்டு. ஐரோப்பிய நகரசபைகளுக்கு உரிய அடையாளம் அது.

நகரசபைதான் இல்லை. மேயரோ கவுன்சிலர்களோ வாக்குப்பெட்டியோ அங்கே எப்போதும் இருந்ததில்லை. சிங்கப்பூரின் பழைய நகரசபை, படாங் மைதானத்தை ஒட்டி, காலனி காலத்துத் தூண்கள் வரிசையிட்ட கட்டடத்தில் கூடிவந்தது. அதன் வேலைகளை 1959-இலேயே அரசு எடுத்துக்கொண்டது. ஜூரோங் மண்டபத்தில் அமர்ந்தவர்கள் நியமனம் பெற்ற அதிகாரிகள். உரிமை கேட்டு மனுவோடு அங்கே போகும் குடிமகனைவிட, மனை கேட்டு வரும் முதலீட்டாளருக்கே அந்த முகப்பு அதிகம் பேசியது. பத்தே வருடத்தில் அரசின் நம்பிக்கை தொழிற்சங்கத்திடமிருந்து தொழிற்சாலைக்கு நகர்ந்ததை ஒரே கலைஞரின் இந்த இரண்டு கட்டடங்களும் காட்டுவதுபோல, எந்த அரசாங்க அறிக்கையும் எனக்குக் காட்டவில்லை.

ஆலைகள் வந்தன, வேலை வந்தது. ‘மடத்தனம்’ என்ற சொல்லை மக்கள் மறந்தார்கள். கழகம் 2000-இல் வேறு உயர்மாடிக் கட்டடத்துக்குப் போய்விட்டது. மாநாட்டு மண்டபம் 2010-லும் ஜூரோங் மண்டபம் 2015-லும் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆயின. அதே காலத்தின் பேர்ல் பேங்க் குடியிருப்புக் கோபுரத்துக்கு அந்த யோகம் இல்லை, இடித்துவிட்டார்கள். சிங்கப்பூர் போகிறவர்கள் ஜூரோங் ஈஸ்ட் ரயில் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் குன்றின் மேல் மண்டபத்தைப் பார்க்கலாம்.

அடுத்த வாரம் பினாங்கு. இதே லிம் சோங் கீட் 65 மாடிக்கு எழுப்பிய கொம்தார்.

(தொடரும்)