துண்டு முதல் ஊதியச் சீட்டு வரை: தென்தமிழகத்தில் ஆட்சேர்ப்புத் தொழிலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஆட்களைத் திரட்டி மற்றொருவரின் பணியிடத்திற்கு அனுப்பி, அதன்வழி வருவாய் ஈட்டும் தொழில் இன்று மனிதவளச் சேவை என்று வழங்கப்படுகிறது. தோட்டக் கங்காணி, ஆலை மேஸ்திரி, ஒப்பந்தக்காரர், மனிதவள நிறுவனம் என இத்தொழில் கொண்ட வடிவங்களை, தொழிலாளியைக் குறித்து எழுதப்பட்ட ஆவணங்களின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. இடைநிலையாளர் மறைந்துவிடவில்லை, அவர் எழுதும் தாள் யாருக்குச் சான்றாகிறது என்பதே மாறிவந்துள்ளது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: கங்காணி, துண்டு, ராஜபாளையம், ஒப்பந்தத் தொழிலாளர், மனிதவள நிறுவனம், மாஃபா

முன்னுரை

வன்னியம்பட்டி உள்ளிட்ட ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் அமைந்தது. கடல்கடந்த தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய தென்மாவட்டங்களின் பகுதியாகவும், பஞ்சாலைகள் தோன்றிய பின் ஆட்களை ஈர்த்த பகுதியாகவும் இதனைக் காணலாம். ஆகவே, வேலை வாங்குபவர் ஒருவர், கூலி கொடுப்பவர் வேறொருவர் என்னும் நிலையில் முதலாளி யார் என்ற வினாவை எழுப்ப இவ்வட்டாரம் பொருத்தமான களமாகிறது.

கங்காணியும் துண்டும்

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் காப்பி இலைநோய் தோன்றிய பின் விரிவடைந்த தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டியவர் கங்காணி. அவர் பெரும்பாலும் தொழிலாளரின் ஊரினராகவோ உறவினராகவோ இருந்தார். தோட்டத்துரையிடம் முன்பணம் பெற்று, வழிச்செலவையும் வீட்டுக்குக் கொடுத்த தொகையையும் தொழிலாளியின் கடனாக எழுதினார். வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. இன்றைய மனிதவள நிறுவனம் தலைக்கு இவ்வளவு எனப் பெறும் சேவைக் கட்டணத்தின் முன்வடிவம் இது எனலாம்.

இம்முறையின் மைய ஆவணம் துண்டு. குறிப்பிட்ட கடன்தொகையைச் செலுத்தினால் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத்தார் எழுதிக்கொடுத்த சீட்டு அது. புதிய தோட்டத்தார் அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெற்றனர். தொழிலாளி இடம் மாறியபோது கடனும் உடன் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் அது பெருகவும் செய்தது. தொழிலாளியைப் பற்றி எழுதப்பட்ட இத்தாள் தொழிலாளிக்கு எவ்வுரிமையும் தரவில்லை. 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையம் தொடங்கப்பட்டும் கங்காணியின் இடம் நீங்கவில்லை. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1939இல் இலங்கைக்குக் கூலியாட்கள் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது.

ஆலையும் பயிலகமும்

பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் இந்தியப் பஞ்சாலைகள் பலவற்றில் ஆள் எடுப்பதும் நீக்குவதும் மேஸ்திரியின் கையில் இருந்தன. அவர் வாங்கிய கையூட்டைச் சுட்டிக்காட்டிய விட்லி ஆணையம், ஆள் எடுக்கும் அதிகாரத்தை அவரிடமிருந்து அகற்றித் தொழிலாளர் அலுவலரிடம் ஒப்படைக்குமாறு 1931இல் பரிந்துரைத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்நூறு பேருக்குக் குறையாமல் பணிபுரியும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என விதித்தது.

இராமசாமி ராஜாவின் பெயரிலான பல்தொழில்நுட்பப் பயிலகம் 1963இல் ராஜபாளையத்தில் தொடங்கப்பெற்றது. ஆலை நிறுவியவரின் பெயரில் அமைந்த இப்பயிலகம் தொழிலறிவுக்குப் பட்டயம் என்னும் சான்றை வழங்கியது. துண்டு தொழிலாளியின் கடனைக் கூறியது. பட்டயம் அவரது திறனைக் கூறியது. அது அவர் கையிலேயே இருந்தது. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதிச் சட்டம் அவரது பெயரில் சேமிப்புக் கணக்கையும் உருவாக்கியது.

எனினும் கட்டுப்படுத்தும் பணம் வேறு உருவில் திரும்பியது. தமிழகப் பஞ்சாலைகள் பலவற்றில் பின்னாளில் பரவிய சுமங்கலித் திட்டத்தில், இளம்பெண்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் தங்கி வேலைசெய்தால் முடிவில் மொத்தத்தொகை தருவதாகக் கூறப்பட்டது. கங்காணியின் முன்பணம் தொடக்கத்தில் கட்டியது; இத்தொகை இறுதியைக் காட்டிக் கட்டியது.

ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம்

1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டத்தின் பெயரே அதன் இருமுகத்தைக் காட்டுகிறது. 2025 வரை நடைமுறையிலிருந்த இச்சட்டப்படி, இருபது அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடங்களில் ஒப்பந்தக்காரர் உரிமம் பெறவேண்டியிருந்தது. அவர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் கொடுக்கவேண்டியிருந்தது. குறிப்பிட்ட பணியில் ஒப்பந்தமுறையையே தடைசெய்யும் அதிகாரமும் அரசுக்கு இருந்தது.

அவ்வாறு தடைசெய்யப்பட்டால் தொழிலாளியின் நிலை என்ன என்பதைச் சட்டம் கூறவில்லை. அவர் முதன்மை வேலையளிப்பவரின் ஊழியராகிவிடுவார் என ஏர் இந்தியா வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001இல் இந்திய உருக்கு ஆணையம் (செயில்) வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனை மாற்றியது. ஒப்பந்தம் வெறும் போர்வை என மெய்ப்பித்தால் மட்டுமே தொழிலாளி அவ்வுரிமையைக் கோரமுடியும் என்றாயிற்று. எனவே ஒப்பந்தம் உண்மையானதா, போர்வையா என்பதைக் காட்டும் ஆவணங்கள் தொழிலாளியின் வாழ்வை முடிவுசெய்வனவாயின.

மாஃபா: ஒரு தமிழக நிறுவனம்

சிவகாசியை அடுத்த விளாம்பட்டியைச் சேர்ந்த க. பாண்டியராஜன், துணைவியாருடன் இணைந்து 1992இல் சென்னையில் மாஃபா என்னும் மனிதவள ஆலோசனை நிறுவனத்தை நிறுவினார். வாக்கு, நம்பிக்கை என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடர் அதன் பெயராயிற்று. பொருளாதாரத் தாராளமயத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நெதர்லாந்தின் வேடியார் நிறுவனம் பின்னர் மாஃபாவின் பெரும்பங்கைப் பெற்றது. 1960இல் ஆம்ஸ்டர்டாமில் தோன்றிய ரான்ஸ்டாட் நிறுவனத்துடன் 2008இல் வேடியார் இணைந்ததால், மாஃபாவின் தொழிலும் உலக நிறுவனமொன்றின் இந்தியக் கிளையாயிற்று. மாஃபா என்னும் பெயரோ நிறுவனரின் பெயரோடு ஒட்டி, தமிழக அரசியலில் நிலைத்தது.

இத்தகைய நிறுவனங்கள் இருவகைப் பணிகளைச் செய்கின்றன. ஆளைத் தேர்ந்துகொடுத்து ஒருமுறைக் கட்டணம் பெறுவது ஒன்று. ஆளைத் தம் ஊதியப் பட்டியலிலேயே வைத்துக்கொண்டு மற்றொரு நிறுவனத்தின் பணிக்கு அனுப்புவது இன்னொன்று. இரண்டாம் வகையிலேயே பொறியியல் பணியாளரும் அடங்குகின்றனர். வரைபடம் தீட்டும் பொறியாளர் ஒரு நிறுவனத்தின் மேசையில் அமர்கிறார்; அவரது ஊதியச் சீட்டில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலமைப்பின் 181ஆம் உடன்படிக்கை 1997இல் இம்முறையை ஏற்றபோது, தொழிலாளியிடம் கட்டணம் பெறலாகாது என்பதைப் பொதுவிதியாக்கியது. இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை.

முடிவுரை

கங்காணியையும் மனிதவள நிறுவனத்தையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்றுப் பிழையாகும். துண்டில் தொழிலாளியோடு பயணம் செய்தது கடன். 2014இல் வருங்கால வைப்புநிதிக்கு வழங்கப்பட்ட பொதுக் கணக்கு எண்ணில் பயணம் செய்வது சேமிப்பு. இம்மாற்றம் சிறியதன்று. ஆயினும் ஊதியச் சீட்டு கூலியை மெய்ப்பிக்கும் அளவுக்கு, வேலை நடந்த இடத்தை மெய்ப்பிப்பதில்லை. பணிநீக்கம், விபத்து, பணிமூப்பு ஆகியவற்றில் வழக்கு எழும்போது தொழிலாளி காட்டவேண்டியது அவ்விடத்தையே. உழைத்த இடத்தின் பெயரும் தொழிலாளியின் தாளில் பதிவாகும்வரை, முதலாளி யார் என்ற வினா நீதிமன்றத்திலேயே விடைதேடும்.