பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் ரேம் ஒருநாள் 8 ஜிபி, மறுநாள் 4 ஜிபி காட்டுவது ஏன்?

அந்தமானில் போர்ட் பிளேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது லம்பா லைன். ஊரின் பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறினாலும், உப்புக்காற்றும் ஈரப்பதமும் மாறவில்லை. அங்கே 10, 15 வருடப் பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலம்தான் சோதனை. ஃபேன் சுத்தும், திரை வராது. பீப் அடிக்கும். நாலு தடவை ஆன் பண்ணினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

இப்படி வந்து வந்து போகும் கோளாறில் முதல் சந்தேகம் ரேம் சிப் மேல் அல்ல, ஸ்லாட் மேல்தான் வர வேண்டும். ரேமின் தொடுமுனைகளில் இருப்பது மெல்லிய தங்கப்பூச்சு. அதில் எங்காவது தேய்ந்திருந்தால் ஈரமும் உப்பும் அடியிலிருக்கும் உலோகத்தை அரிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட் உலோகத்தைத் தொட்டு, ரேமைக் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பென்சில் ரப்பர் வைத்தியம் ஊரெல்லாம் பிரபலம். அதையே மாதாமாதம் செய்தால் மிச்சமிருக்கும் தங்கமும் போய்விடும்.

எப்போதும் குறைவாகவே காட்டினால்?

அது வேறு கதை. 32 பிட் விண்டோஸ் 4 ஜிபி ரேமில் 3.25 ஜிபி மட்டும் காட்டினால் பழுது இல்லை. முகவரி எண்கள் 4 ஜிபியோடு முடிந்துவிடும், அதில் கிராபிக்ஸ் போன்ற பாகங்களுக்கும் பங்கு உண்டு.

புதிதாகப் போட்ட ரேம் பாதி அளவு காட்டினால் போர்டு மாடலைப் பாருங்கள். இந்தியாவில் ஏகப்பட்ட வீடுகளில் இருந்த இன்டெல் ஜி41 போர்டுக்கு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் என்றால் இருபுறமும் சேர்த்து 16 சிப் கொண்டதுதான் ஒத்துவரும். 8 சிப் ரேம் போட்டால் பாதிதான் தெரியும், அல்லது மெஷினே எழாது. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று மலிவாக விற்கும் ரேமும் இன்டெல் போர்டில் இதே தொல்லைதான்.

குற்றவாளி யார்?

மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, ஒரு ரேம், ஒரு ஸ்லாட் என்று மாற்றி மாற்றி இரவெல்லாம் ஓடவிடுங்கள். பிழை ரேமோடு நகர்ந்தால் ரேம் போச்சு. ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டு. முதல் தலைமுறை கோர் ஐ5, ஐ7-க்குப் பிறகு ரேம் கட்டுப்பாடு பிராசசருக்குள்ளேயே வந்துவிட்டதால், சாக்கெட்டில் வளைந்த ஒரு பின்கூட ஒரு சேனலை முழுசாக மறைத்துவிடும்.

ஒரே ஒரு பிழை வந்தாலும் "பரவாயில்லை" என்று விடாதீர்கள். கெட்ட ரேம் வழியாகப் போகும் கோப்பு, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சிதைந்து சேமிக்கப்படலாம். குழந்தைப் படங்களைக் காப்பாற்ற அதே மெஷினில் பேக்கப் எடுப்பது ஆபத்து. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டு எடுங்கள்.

ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை எகிறியிருக்கிறது. சென்னையிலிருந்து கப்பலில் வர மூன்று நாள் போல ஆகும். ரிச்சி தெருவில் யாரிடமாவது வாங்கிவரச் சொன்னால், போர்டு எண்ணையும் பழைய ரேமின் இருபுறப் படத்தையும் முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.