கர்ஜா: அந்தலூஸின் இறுதியடி

711ஆம் ஆண்டில் ஸ்பெயினில் கால்வைத்த அரபு மொழி, லத்தீன் வழிவந்த அந்நாட்டுப் பேச்சுமொழிக்குத் தன் பாட்டிலேயே இடமளித்தது. அந்தலூஸில் பிறந்த முவஷ்ஷஹ் பாடலின் இறுதியடிக்குக் கர்ஜா என்று பெயர். பாட்டு முழுவதும் இலக்கண அரபு. கர்ஜாவோ பெரும்பாலும் தெருவில் வழங்கும் அரபு. சில பாடல்களில் அந்நாட்டு மொழியே, அதுவும் ஒரு பெண்ணின் கூற்றாக வரும். முடிவில் வரும் இவ்வடியை முதலில் அமைத்துக்கொண்டே பாட்டைக் கட்ட வேண்டும் என்பது எகிப்தியப் புலவர் இப்னு ஸனாவுல் முல்க் (மறைவு 1211) வகுத்த விதி. யூதப் புலவர்களும் தம் ஹீப்ருப் பாடல்களில் இம்முறையைக் கைக்கொண்டனர். அவற்றின் கர்ஜாக்களை ஸ்டெர்ன் என்னும் அறிஞர் 1948இல் படித்து வெளியிட்டார். உயிர்க்குறியின்றி எழுதப்பட்டமையால், பல சொற்களை எவ்வாறு ஒலிப்பது என்பதில் அறிஞரிடையே இன்றும் பிணக்குண்டு. ஸபர், ஸேர், பேஷ் இட்ட அரபுத் தமிழ் ஏடுகளை ஓதிப் பழகிய நமக்கு அந்த இழப்பு நன்கு விளங்கும்.