மெதுவாய் எரியும் மருந்து, வேகமாய்ப் போகும் குண்டு



துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிற பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ஐயா, வெளிநாட்டில் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறவர்கள், மேக்னம் என்ற பெரிய தோட்டாவுக்கு மெதுவாக எரிகிற மருந்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்களாம். குண்டு வேகமாகப் போக வேண்டுமென்றால் மருந்தும் வேகமாகத்தானே எரிய வேண்டும்?"

நியாயமான கேள்வி. இதற்குள் நம் சேலம், நாமக்கல் சீமையின் கதையும் நீலகிரியின் கதையும் கலந்து கிடக்கின்றன. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பழைய கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது. சங்ககிரிக் கோட்டையிலும் நாமக்கல் மலைக்கோட்டையிலும் ஹைதர், திப்பு காலத்துப் படைகள் வைத்திருந்தது இந்த மருந்துதான். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் இந்தச் சீமையைக் கையில் வாங்கிய கும்பெனிப் படையும் இதையேதான் கெட்டித்தது. கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் பெரியவர்கள் "மருந்து கெட்டிக்கிறது" என்று சொல்வார்களே, அந்தச் சொல்லும் இதிலிருந்து வந்ததுதான். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, துணியை வைத்து, கம்பியால் இடித்து, ரவையைப் போட்டுச் சுடுவது.

கருமருந்தில் இரண்டு குறைகள். ஒன்று புகை. ஒரு முறை சுட்டால் எதிரில் நிற்பது ஆளா மாடா என்று தெரியாது. இரண்டாவது, மருந்தைக் கூட்டினால் குண்டின் வேகம் ஓரளவுக்குத்தான் ஏறும். அதற்கு மேல் குழலுக்குத்தான் ஆபத்து.

ஏன் அப்படி? நம் ஊர் வெல்ல ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் பக்கம் ஆலை ஓடுகிறபோது பார்த்திருப்பீர்கள். அடுப்புவாயில் உட்கார்ந்திருப்பவர் கரும்புச் சக்கையை மொத்தமாக அள்ளிப் போடமாட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே இருப்பார். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் போட்டால் தீ குப்பென்று ஏறிப் பாகு பொங்கி வழியும். அப்புறம் தீ அடங்கிப் பாகு பதத்துக்கு வராது. துப்பாக்கிக் குழலுக்குள் நடப்பதும் இதுதான். ஒரு வித்தியாசம், அங்கே எல்லாம் ஒரு விநாடியின் மிகச் சிறிய பகுதிக்குள் முடிந்துவிடும்.

மருந்து எரிந்தால் வாயு உண்டாகிறது. வாயு குண்டைத் தள்ளுகிறது. குண்டு நகர நகர, பின்னால் இடம் பெரிதாகிறது. மருந்து முழுவதும் குண்டு நகரும் முன்பே எரிந்துவிட்டால், அழுத்தம் ஒரே குதியாக மேலே ஏறும். அதைக் குழலின் இரும்பு தாங்க வேண்டும். குண்டு பாதிக் குழலுக்கு வரும்போது தள்ளுவதற்குத் தெம்பு மிச்சமிருக்காது. குண்டு நகர்ந்துகொண்டிருக்கும்போதும் மருந்து எரிந்துகொண்டே இருந்தால், அழுத்தம் உச்சிக்குப் போகாது, சட்டென்று விழவும் செய்யாது. குழல் முழுக்கத் தள்ளு கிடைக்கும். சேற்றில் மாட்டிய பார வண்டியை ஒரே இடியாக இடித்தால் அச்சுதான் முறியும். தோள் கொடுத்து விடாமல் தள்ளினால் வண்டி ஓடும்.

இதை முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கப் படையின் தாமஸ் ஜாக்சன் ராட்மன். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய பீரங்கிகளுக்காகக் கருமருந்தைப் பெரிய வில்லைகளாக அழுத்தி, அதில் ஓட்டைகள் போட்டார். மருந்து மேற்பரப்பில்தான் எரியும். உருண்டையாக இருந்தால் எரிய எரிய உருண்டை சிறுத்து, எரியும் பரப்பும் குறையும். ஓட்டை போட்ட வில்லையில் வெளிப்பக்கம் குறைந்தாலும் ஓட்டைகளின் உள்பக்கம் அகன்றுகொண்டே போகும். அதனால் எரியும் பரப்பு குறையாது, கூடக்கூடச் செய்யலாம். மருந்தின் சேர்மானம் மட்டும் அல்ல, அதன் வடிவமும் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பது அங்கே புரிந்தது.

1884இல் பிரான்சின் பால் வியேல் புகையற்ற மருந்தைக் கண்டார். 1887இல் ஆல்ஃபிரட் நோபல் பாலிஸ்டைட் என்ற மருந்துக்குக் காப்புரிமை பெற்றார். 1889இல் பிரெடரிக் ஏபல், ஜேம்ஸ் டிவார் இருவரும் இங்கிலாந்தில் கார்டைட் செய்தார்கள். வெடிபஞ்சும் நைட்ரோகிளிசரினும் கொஞ்சம் வாசலினும் சேர்ந்த மாவு. அதை அச்சில் போட்டு ஓமப்பொடி பிழிகிற மாதிரி பிழிந்தார்கள். கயிறு மாதிரி வந்ததால்தான் அந்தப் பெயர். இழை மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் எரியும், தடித்திருந்தால் மெதுவாக எரியும். துப்பாக்கிக்கு மெல்லிய இழை, கப்பல் பீரங்கிக்குத் தடித்த இழை. தன் கண்டுபிடிப்பைத்தான் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று நோபல் தரப்பு வழக்குப் போட்டது. காப்புரிமைப் பத்திரத்தில் இருந்த ஒரு சொல்லின் பொருளை வைத்து 1895இல் அந்த வழக்கு தோற்றது. சொற்களைக் கவனமாக எழுதுங்கள் என்று வகுப்பில் நான் கத்தியதற்கு இதுவும் ஒரு சாட்சி!

முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். அதன் சூடு குழலின் உள்பக்கத்தையே அரித்துத் தின்றது. போயர் போரில் இந்தக் குறை நன்றாகத் தெரிந்துவிட்டது. பிறகு அதை 30 சதவீதமாகக் குறைத்த புது வகை வந்தது.

இனி நம் பக்கம் வருவோம். இந்தக் கார்டைட் செய்ய 1903இல் நீலகிரியில், குன்னூருக்கும் உதகைக்கும் இடையே அருவங்காட்டில் தொழிற்சாலை அமைத்தார்கள். காட்டேரி நீர்வீழ்ச்சியின் தண்ணீரிலிருந்து அதற்கு மின்சாரம் எடுத்தார்கள். 1899இல் குன்னூர் வரை வந்திருந்த மலை ரயில் 1908இல் உதகையைத் தொட்டது, வழியில் அருவங்காட்டுக்கும் ஒரு நிலையம். உலகப் போர்க் காலங்களில் மருந்து பிழிந்த அந்த ஆலை இன்றும் அரசின் ஆலையாக நடக்கிறது. 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வருகிறது.

மருந்துக்கும் வெயிலுக்கும் ஒரு பகை உண்டு. மருந்து சூடாக இருந்தால் இன்னும் வேகமாக எரியும். லண்டனில் குளிரில் அளந்து நிரப்பிய தோட்டாவை நம் சித்திரை வெயிலில் போட்டுச் சுட்டால் அழுத்தம் எகிறும். வெற்றுக்கூடு அறையில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. எதிரில் யானை நிற்கும்போது இது விளையாட்டு அல்ல. அதனால்தான் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனியாக நிரப்பி விற்றார்கள். 1907இல் இந்திய அரசு .450 அளவுத் துப்பாக்கிகளை மக்கள் கொண்டுவரத் தடை போட்டது. அரசின் பழைய மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகளும் அதே அளவு. அந்தக் குண்டுகள் கலகக்காரர் கைக்குப் போய்விடக் கூடாது என்ற பயம். இங்கிலாந்துக் கம்பெனிகள் உடனே .470, .465 என்று சற்றே மாற்றிச் செய்து அனுப்பின. உலகப் புகழ்பெற்ற வேட்டைத் துப்பாக்கி அளவுகள் பல, இந்தியாவில் போட்ட ஒரு தடையால் பிறந்தவை.

1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி .375 மேக்னம் கொண்டுவந்தது. மேக்னம் என்பது பெரிய மதுப்புட்டிக்கு வழங்கிய பெயர். கூடு பெரியது, மருந்து அதிகம், ஆனால் வெளியே போகும் வழி ஒடுக்கம். இப்படிப்பட்ட கூட்டில் சீக்கிரம் எரியும் மருந்தைப் போட்டால் வாயு போக வழியில்லாமல் துப்பாக்கியே சிதறும். அதனால்தான் மெதுவாக எரியும் மருந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர், 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளுக்காகச் செய்து மிஞ்சிய மெதுவான மருந்தை மலிவாக வாங்கி விற்றார். வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களிடம் மேக்னம் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. "மருந்தைக் குறைத்துப் போட்டால் ஆபத்தில்லை" என்று நினைக்கத் தோன்றும். பெரிய கூட்டில் மெதுவான மருந்தை மிகக் குறைவாகப் போட்டபோதும் அழுத்தம் திடீரென்று ஏறித் துப்பாக்கிகள் உடைந்திருக்கின்றன. அதனால் மருந்துக் கம்பெனிகள் மேல் எல்லையோடு கீழ் எல்லையும் சொல்கிறார்கள். அளவு என்பது இரண்டு பக்கமும் வேலி போட்ட வரப்பு.

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகள் படித்தவர்கள் ஜவளகிரி என்ற பெயரை மறந்திருக்கமாட்டீர்கள். அவர் அலைந்த காலத்தில் அது சேலம் ஜில்லா, இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், கம்பெனி அளந்து நிரப்பிய தோட்டா. அதே காட்டில் விவசாயிகள் கையில் நாட்டுத் துப்பாக்கி. ஒரு பக்கம் அளவு, இன்னொரு பக்கம் கைமதிப்பு.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் அந்தக் கைமதிப்புதான். காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது என்று நம் மலையோர ஊர்களில் இன்னும் சிலர் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கருமருந்து கிடைக்காதபோது பட்டாசைப் பிரித்து அந்த மருந்தைக் கெட்டிக்கிறார்கள். பட்டாசில் சத்தத்துக்காகப் போடுகிற அலுமினிய மருந்து கருமருந்து அல்ல. அது தள்ளாது, அடிக்கும். குழல் வெடித்தால் முதலில் போவது சுடுகிறவன் விரலும் கண்ணும். அருவங்காட்டில் படித்தவர்கள் கருவி வைத்து அளந்து செய்த வேலையை வீட்டுத் திண்ணையில் உள்ளங்கையால் அளந்து செய்ய முடியாது.

கண்ணுகளா, உங்கள் பங்காளி வீட்டிலோ மாமன் வீட்டிலோ பரணில் அப்படி ஒன்று கிடந்தால் பேசிப் புரியவையுங்கள். போலீசார் அவ்வப்போது தாமாக ஒப்படைக்கச் சொல்லி ஊர் ஊராக அறிவிக்கிறார்கள். ஊர்ப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம். பன்றி தின்ற மரவள்ளி அடுத்த வருஷம் முளைக்கும், போன கண் முளைக்காது.

கேட்ட தம்பிக்கு ஒரே வரியில் பதில்: குண்டுக்கு வேகம் கொடுப்பது இடி அல்ல, விடாத தள்ளு.

அருவங்காட்டில் வேலை பார்த்த தாத்தா, அப்பா யாருக்காவது இருந்தால் அவர்கள் சொன்ன அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்