விழுக்காடு என்னும் எண்: தீக்காயச் செவிலியத்தின் வரலாற்றுக் குறிப்பு

"எண்பது விழுக்காடு தீக்காயங்களுடன் மருத்துவமனையில் அனுமதி" என்னும் செய்தித் தொடர் தமிழ், மலையாள நாளிதழ் வாசகர்களுக்கு நன்கு பழகியது. அதைப் படிப்பவர் பெரும்பாலும் இனி நம்பிக்கையில்லை என்றே பொருள்கொள்கிறார். தீக்காயப் பிரிவில் அதே எண்ணின் முதற்பயன் வேறு. நோயாளியின் உடலுக்குள் எவ்வளவு திரவத்தை, எந்த வேகத்தில் செலுத்த வேண்டும் என்ற கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தக் கணக்குப் பேரிடர்களின் வழியே உருவானது. 1921-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலுள்ள ரியால்டோ திரையரங்கு தீப்பற்றியபோது, காயமுற்றோரின் கொப்புள நீரை ஆராய்ந்த ஃபிராங்க் அண்டர்ஹில், அது இரத்த நீர்மத்தை ஒத்திருப்பதைக் கண்டார். உடல் இழப்பது வெறும் நீரை அன்று என்பது தெளிவாயிற்று. 1942-இல் பாஸ்டனின் கோகோநட் குரோவ் விடுதித் தீயில் 492 பேர் மாண்டனர். அதே நகரின் லண்ட், பிரௌடர் ஆகிய இருவரும் வயதுக்கேற்ப உடற்பரப்பைப் பகுக்கும் அட்டவணையை 1944-இல் வெளியிட்டனர். 1951-இல் எடின்பரோவின் வாலஸ் 'ஒன்பதின் விதி'யைப் பரவலாக்கினார்: தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1. கூட்டினால் 100.

அதே 1951-ஆம் ஆண்டின் நவம்பரில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியை நேரு திறந்துவைத்தார். அறுபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், 2016 ஏப்ரல் 10 அன்று விடியுமுன், கொல்லம் மாவட்டம் பரவூரிலுள்ள புற்றிங்கல் தேவி கோயிலில் வாணவேடிக்கைக்கான வெடிகளைச் சேமித்த கட்டடம் வெடித்துச் சிதறியது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். அவர்களில் பலர் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர்.

இத்தகைய தொலைவு கணக்கை எப்படி மாற்றுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1960-களில் டல்லஸின் பார்க்லேண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் வகுத்த சூத்திரத்தின்படி, 60 கிலோ எடையும் 40 விழுக்காடு தீக்காயமும் உள்ளவருக்கு முதல் 24 மணி நேரத்தில் 9,600 மில்லிலிட்டர் ரிங்கர் லாக்டேட் தேவை (4 × 60 × 40). அதில் பாதியான 4,800 மில்லிலிட்டர் முதல் எட்டு மணி நேரத்திற்குள் செல்ல வேண்டும். அந்த எட்டு மணி நேரம் தீப்பட்ட கணத்திலிருந்து தொடங்குவது. 3.30 மணிக்குக் காயமுற்றவர் திரவம் ஏதும் பெறாமல் 5.30 மணிக்கு வந்து சேர்ந்தால், மீதமுள்ளவை ஆறு மணி நேரமே. மணிக்கு 600 என்பது 800 ஆகிவிடும். ஆகவே "எப்போது நேர்ந்தது?" என்ற கேள்வி செவிலியரின் மதிப்பீட்டில் இன்றியமையாதது.

அதற்கும் முன் பார்க்க வேண்டியது சுவாசப்பாதை. குரல் கரகரப்பு, கருகிய மூக்குமுடி, கரி கலந்த சளி ஆகியவை புகை உள்ளே சென்றதன் அறிகுறிகள். தொண்டை வீங்கி அடைபடுமுன் செயற்பட வேண்டும். வீக்கம் தொடங்குமுன் வளையல், மோதிரங்களை அகற்ற வேண்டும். பரப்பைக் கணக்கிடும்போது வெறுமனே சிவந்த தோலைச் சேர்க்கலாகாது. சூத்திரம் தருவது தொடக்க அளவு மட்டுமே. பெரியவர்களுக்குச் சிறுநீர் மணிக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ அரை மில்லிலிட்டர் வெளியேறுகிறதா என்று மணிதோறும் அளந்து, அதற்கேற்பத் திரவத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். குறைந்தால் சிறுநீரகம் கெடும். மிகுந்தால் நுரையீரலில் நீர் கோக்கும்.

தோல் என்னும் அரண் போனபின் கிருமித்தொற்றே பெரும் பகை. புற்றிங்கல் விபத்து நாளில் தலைவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்ததை மாநிலச் சுகாதாரத்துறை இயக்குநர் ஆட்சேபித்ததாக நாளிதழ்களில் வெளிவந்த செய்தியை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். அது மரபுமுறை சார்ந்த பூசல் அன்று. அந்த அறையில் தடைபடும் ஒவ்வொரு நிமிடமும் மேற்கண்ட கணக்கிலிருந்தே கழிகிறது.

குழந்தைகளிடம் ஒன்பதின் விதி பிழைபடும். கைக்குழந்தையின் தலை மட்டுமே உடற்பரப்பில் ஏறத்தாழ 18 விழுக்காடு. 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பறிகொடுத்த கும்பகோணத்தை அறிந்த தமிழ்ச் சமூகத்திற்கு, வயதுக்கேற்ற அட்டவணையின் தேவையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

தீக்காய மருத்துவத்தின் வரலாறு அண்டர்ஹில், லண்ட், வாலஸ், பாக்ஸ்டர் எனப் பெயர்களின் வரிசையாகவே எழுதப்படுகிறது. அவர்களின் சூத்திரங்களை உயிர்காக்கும் செயலாக மாற்றியது, மணிக்கொருமுறை சிறுநீரை அளந்து எழுதிய செவிலியரின் குறிப்பேடு. நம் மருத்துவமனைகளின் வரலாற்றை எழுத முனைவோர் அந்தக் குறிப்பேடுகளையும் முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும். விழுக்காடு அங்கே தீர்ப்பாக அன்றி, அடுத்த ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டிய வேலையாகவே பதிவாகிறது.