புள்ளலூரின் கல்லறைகள்

தாமல் கிராமத்தைக் கடந்து காஞ்சிமாநகரை அடையும் யாத்திரிகர் கோபுரங்களைத் தரிசித்துப் பட்டு வாங்கித் திரும்புவரேயன்றி, அருகிலுள்ள புள்ளலூரை நினைப்பார் அரியர். பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை முறியடித்ததாகக் காசக்குடிச் செப்பேடு கூறும் களம் அதுவே.

1780 செப்டம்பர் 10ஆம் நாள், ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை மைசூர் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் அங்கே வளைத்துக்கொள்ள, வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்து அப்படை நிர்மூலமாயிற்று. காஞ்சியில் தங்கியிருந்த ஆங்கிலத் தளபதி மன்றோ உதவிக்கு வந்து சேராமலே சென்னைக்குப் பின்வாங்கினார். சிறைப்பட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாண்டார். 1781 ஆகஸ்டு 27இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் சேனை அதே களத்தில் ஹைதருடன் மீண்டும் போர் புரிந்தபோது, முன்னாண்டில் மடிந்தோரின் எலும்புகள் இன்னும் அடக்கமின்றிச் சிதறிக் கிடந்தன என்பதை எண்ணுகையில் நெஞ்சம் நடுங்குகிறது.

அந்த 1781ஆம் ஆண்டுப் போரில் வீழ்ந்த லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன், காப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப் ஆகிய இருவருக்கும் எழுப்பிய உயர்ந்த நினைவுத் தூண்கள் வயல்வெளியில் இன்றும் நிற்கின்றன.

ஆயின், இருதரப்பிலும் உயிர்நீத்த சிப்பாய்களோ பெரும்பாலும் இந்நாட்டு மக்களே. ஆநிரை மீட்டு மாண்ட சாமானிய வீரனுக்கும் பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டி வழிபட்ட தொண்டை மண்டலத்தில், அவர்களுக்கென ஒரு கல் இல்லை. கர்னலின் தூணருகே நின்றபோது என் கண்கள் அவர்களையே தேடின. ஏர் உழுத சால்களே தென்பட்டன.