இருட்டறையின் வரலாறும் கோலார் தங்கவயலும்

‘கேமரா’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு அறை என்று பொருள். ஒளிப்படக் கருவி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த அறை இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், சூரிய கிரகணத்தின்போது சிறு துளை வழியே விழும் பிறைவடிவப் பிம்பத்தை ஆராய்ந்தார். 1604இல் கெப்ளர் இவ்வமைப்பைக் ‘கேமரா அப்ஸ்குரா’, அதாவது இருண்ட அறை, என்று குறிப்பிட்டார்.

இதை அமைக்கப் பெரும்பொருள் தேவையில்லை. ராபர்ட்சன்பேட்டையின் ஒரு சிறிய வீட்டில்கூட, சன்னலைக் கறுப்புத் தாளால் முற்றிலும் அடைத்து, ஒரு சென்டிமீட்டர் அளவில் துளையிட்டால் போதும். கண் இருட்டுக்குப் பழகியதும் எதிர்ச்சுவரில் தெரு தலைகீழாகத் தோன்றும். ஒளி நேர்கோட்டில் செல்வதால், மேலிருந்து வரும் கதிர் கீழும் கீழிருந்து வருவது மேலும் விழுகின்றன. துளை சிறுத்தால் பிம்பம் தெளியும், ஆனால் மங்கும்.

ஹம்பி விரூபாட்சர் கோயிலில் கிழக்குக் கோபுரத்தின் தலைகீழ் நிழல் இருண்ட அறையொன்றின் சுவரில் விழுவதை இன்றும் காணலாம். அங்கே காட்சியாக நிற்கும் ஒன்று, 18ஆம் நூற்றாண்டின் ஜெய்ப்பூரில் அளவையாக மாறியது. இரண்டாம் சவாய் ஜெய்சிங் அமைத்த ஷஷ்டாம்ச யந்திரத்தின் இருட்டறையில், நண்பகலில் துளைவழி நுழையும் சூரியப் பிம்பம் அளவுகோடுகள் பொறித்த வளைவில் விழுகிறது. சூரியனின் உச்சித் தொலைவையும் தோற்ற விட்டத்தையும் அதிலிருந்து கணிக்கலாம். பிம்பத்தின் விட்டம் துளையிலிருந்து அதற்குள்ள தொலைவில் ஏறத்தாழ 108இல் ஒரு பங்கு. வீட்டறையில் மூன்று மீட்டர் தொலைவில் அது சுமார் 28 மில்லிமீட்டர்.

இவ்விடங்களில் எல்லாம் இருட்டே முதற்கருவி. மிகுதியானவற்றைத் தடுத்தால்தான் நுண்ணியது புலப்படும். இதே நெறி ராபர்ட்சன்பேட்டைக்கு அருகிலேயே, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், வேறொரு வடிவம் பெற்றது. ஒளியியல் நோக்கில் அது கேமரா அன்று. எனினும் தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், மேலுள்ள பாறை காஸ்மிக் கதிர்களின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தியது. பாறையையும் ஊடுருவும் நியூட்ரினோக்கள் அரிதாக ஏற்படுத்திய மியூவான் தடங்களை நியான் மின்னொளிக் குழாய்களும் ஒளிர்வுணரிகளும் பதிவுசெய்தன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்ஹம் குழுக்களும் இணைந்து நடத்திய இச்சோதனை, 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தது.

அந்த ஆழம் அறிவியலுக்காகத் தோண்டப்பட்டதன்று. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கத்துக்காக நடத்திய சுரங்கங்களில் தலைமுறைகளாக இறங்கியவர்கள், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள்; அவர்களுள் பெரும்பான்மையோர் தலித் மக்கள். பாறை வெடிப்பும் சிலிக்கா தூசு தந்த நுரையீரல் நோயும் அவர்கள் செலுத்திய விலை. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் ஜெய்ப்பூரின் அரசனையும் சோதனை நடத்திய இயற்பியலாளரையும் தவறாமல் குறிக்கின்றனர். இருட்டும் ஒரு கருவி எனில், அதை உளியாலும் வெடிமருந்தாலும் ஆக்கித் தந்த தொழிலாளர்களுக்கும் அவ்வரலாற்றில் இடம் உண்டு.